ஓங்கில் குட்டியும் நின்ற துடுப்பும்

அந்தக் காலத்தில் கடலில் இருந்தவையும் கரையில் இருந்தவர்களும் ஒரே பேச்சைப் பேசினார்கள். டால்பின் என்று நாம் சொல்லும் ஓங்கில்களின் குட்டிகள் அப்போது தாயைவிட்டு விலகி, இஷ்டம்போலத் திரியும்.

ஒரு காலையில் கொம்பையாவும் அவன் மனைவி மாடாத்தியும் கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போனார்கள். எதிரே ஒரு குட்டி எழும்பியது. பிறந்து சில நாள்தான் இருக்கும். தாய் வயிற்றுக்குள் மடிந்து கிடந்ததால் விழுந்த கோடுகள் அதன் உடம்பில் இன்னும் மறையவில்லை. மூச்சுவிடச் சரியாகப் பழகாமல், தலை முழுவதையும் வெளியே நீட்டி மூச்சு வாங்கியது. நனைந்த மேனி வெயிலில் மினுங்கியது. இருவரும் வந்த வேலையை மறந்து பார்த்தார்கள்.

"ஒருதரம் தொட்டுப் பாத்துடுறேன்" என்று கொம்பையா துடுப்பை வேகமாகப் போட்டான். குட்டி விலகியது. அவன் வளைத்துக்கொண்டு போனான்.

தூரத்தில் தாய் கூப்பிட்டது. துடுப்புச் சத்தத்தில் அந்தக் குரல் குட்டிக்குக் கேட்கவில்லை. மிரண்டுபோன குட்டி, கட்டுமரத்தையே தாய் என்று நினைத்து அதன் அடியில் முட்டிப் பால் தேடியது.

"பாத்தியா, நம்மகிட்டயே வந்துடுச்சு" என்று கொம்பையா சிரித்தான்.

"அது பசியில தாயத் தேடுது. துடுப்ப நிப்பாட்டுங்க" என்றாள் மாடாத்தி.

"இன்னும் கொஞ்ச நேரம்."

குட்டி தளர்ந்து மூழ்கியது. வெகுநேரம் கழித்தே மேலே வந்தது. மாடாத்தி கணவன் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கிக் கடலில் வீசினாள். நீரோட்டம் அதை அடித்துக்கொண்டு போனது.

சத்தம் அடங்கியதும் தாயின் சீழ்க்கை கேட்டது. குட்டி திரும்பிப் பாய்ந்து தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

கட்டுமரமோ ஆழ்கடல் பக்கம் இழுபட்டது. பால் கொடுத்து முடித்த தாய் அருகில் வந்தது.

"துடுப்பு எங்கம்மா?" என்று மாடாத்தியைக் கேட்டது.

"உன் குரல் பிள்ளைக்குக் கேக்கட்டும்னு வீசிட்டேன்" என்றாள் மாடாத்தி.

தாய் ஓங்கில் தன் கூட்டத்தை அழைத்தது. எல்லாமாகச் சேர்ந்து மூக்கால் தள்ளித் தள்ளிக் கட்டுமரத்தைக் கரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தன. வழி முழுக்கக் குட்டி தாயின் விலாவைவிட்டு நகரவில்லை. கொம்பையா அதைப் பார்த்துக்கொண்டே வந்தான். கை நீட்டவில்லை.

"எங்க பிள்ளைங்கள நீங்க பாக்குறதுல தப்பில்ல. துடுப்பத் தூக்கிட்டு நில்லுங்க. கிட்ட வரணும்னா நாங்களே வருவோம்" என்றது தாய்.

ஓங்கில் குட்டிகள் தாயின் விலாவை ஒட்டி நீந்துவது அன்றிலிருந்துதான். குட்டியைக் கண்டதும் அந்தக் கரைப் படகுகள் தள்ளியே நின்றுவிடுவதும் அன்றிலிருந்துதான். நின்ற படகைத் தேடித் தாயே சில சமயம் குட்டியோடு வந்து காட்டிவிட்டுப் போகிறது.