நான்காவது கோடு

முன்னொரு காலத்திலே, கேளுங்கள், வேங்கைமலை நாட்டை ஆண்ட ராணிக்கு ஒரே பிள்ளை. பேர் இளங்கீரன். நல்ல பிள்ளைதான், ஆனால் கை மட்டும் சும்மா இருக்காது. ஒருநாள் கரியநாகன் என்ற மந்திரவாதி பெட்டியொன்றோடு அரண்மனைக்கு வந்தான். “தொடாதே” என்றான். தொட்டான். “தட்டாதே” என்றான். தட்டினான். “திறக்காதே” என்றான். திறந்தே விட்டான்!

“உன் கைக்கு ஏற்ற உடம்பையே தருகிறேன்!” என்று கத்தினான் மந்திரவாதி. இளவரசன் குரங்கானான். முழங்காலில் ஒரு புண்ணும் வந்தது. “அமாவாசைக்குள் இந்தப் புண் ஆறினால் மனிதனாவாய். ஆறாவிட்டால் பேச்சும் போய், காலமெல்லாம் குரங்குதான்.” சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிக்கமாட்டானா? குரங்குப் புண் ஆறாது என்பது ஊரறிந்த சங்கதி ஆயிற்றே!

ராணி தவித்தாள். காலையில் ஒரு வைத்தியர், மதியம் ஒரு வைத்தியர், மாலையில் ஒரு வைத்தியர். ஒருவர் வைத்த பச்சிலையை அடுத்தவர் வழித்துப் போட்டார். கட்டினார்கள், குரங்கு பிரித்தது. கட்டினார்கள், பிரித்தது. கையைக் கயிற்றால் கட்டினால் முடிச்சு தானாக அவிழ்ந்தது. அதுவும் மந்திரவாதியின் வேலைதான்.

அமாவாசைக்குப் பத்து நாள் இருக்கும்போது மருதி வந்தாள். அவள் விறகுவெட்டி. வெட்டுக்காயம் அவளுக்குப் புதிதல்ல. தன் இடது கையில் முள்ளால் நான்கு கோடு கீறினாள். ஒன்றில் வெட்டுக்காயப்பூண்டு என்ற பச்சிலையின் சாறு, ஒன்றில் குப்பைமேனி, ஒன்றில் வேப்பிலை அரைத்துப் பூசினாள். நான்காவதைச் சும்மா விட்டாள்.

“அது எதற்கடி?” என்றாள் ராணி.

“ஆற்றுவது இலையா, உடம்பேதானா என்று தெரிய வேண்டாமா தாயே?”

மூன்றாம் நாள் பூண்டுக் கோடு காய்ந்தது. “அதையே வை, கிளம்பு!” என்று ராணி பறந்தாள்.

“நான்காவதும் ஆறட்டும்” என்றாள் மருதி.

ஐந்தாம் நாள் மற்ற இரண்டும் ஆறின. ராணி கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து தேய்ந்தாள். “என் பிள்ளைக்கு வார்த்தை மறக்கிறதடி! நேற்று ‘சோறு’ வரவில்லை, இன்று ‘தண்ணீர்’ வரவில்லை!”

மருதி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். “நான்காவதும் ஆறட்டும்” என்றாள்.

ஏழாம் நாள் அதுவும் ஆறியது.

“பார்த்தீர்களா தாயே? ஒன்றும் வைக்காவிட்டாலும் புண் ஆறும், தொடாமல் விட்டால். பூண்டு வைத்தால் மூன்றே நாள். இத்தனை நாள் இலையைத்தானே மாற்றிக்கொண்டிருந்தீர்கள்? புண்ணைக் கிளறுவது பிள்ளையின் கைதான். இனி அந்தக் கைக்கு வேலை கொடுப்போம்.”

பூண்டு வைத்துக் கட்டினாள். உரிக்கக் கடலை கொடுத்தாள். நொடியில் தீர்ந்தது, கை முழங்காலுக்குப் போனது. பிரிக்கச் சிக்கு நூல் கொடுத்தாள். அறுத்தெறிந்துவிட்டு, கை முழங்காலுக்குப் போனது. என்ன செய்வாள் பாவம்? திரும்பிப் பார்த்தாள். ராணி தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். பிள்ளை குரங்கான பிறகு அவளுக்கு எண்ணெய் ஏது, சீப்பு ஏது? தலையெல்லாம் பேன்!

“தாயே, இப்படி வந்து பிள்ளைக்கு முன்னால் உட்காருங்கள்.”

ராணி தயங்கினாள். அவன் குரங்கானதிலிருந்து அவள் அவனைத் தொட்டதே இல்லை. பார்த்தாலே அழுகை வரும், ஓடிவிடுவாள். மெல்ல வந்து உட்கார்ந்தாள். குரங்கின் கை அவள் தலைக்குப் போனது. புரட்டியது, எடுத்தது, கடித்தது. முழங்காலை மறந்தே போனது!

ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. ராணிக்குச் சாப்பாடும் தூக்கமும் அங்கேயேதான். “கட்டை அவிழ்த்து ஒரு தடவை பார்க்கட்டுமா?” என்று அவள் கை துடிக்கும். மருதி கோடரியைக் காட்டுவாள்.

மூன்றாம் நாள் அமாவாசை. பொழுது சாய்கிற நேரம். எடுக்க இனி ஒரு பேன் இல்லை. கை நின்றது. ராணி அவன் முழங்காலையே பார்த்தாள். கை முழங்காலுக்குப் போகவில்லை. அவள் தலையிலேயே இருந்தது, மெதுவாக வருடியது. அந்த விரல்களில் உரோமம் இல்லை.

“எவ்வளவு பேன் அம்மா உனக்கு!” என்றான் இளங்கீரன்.

ராணி சிரித்தாளா, அழுதாளா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மருதி அன்றே தலைமை வைத்தியரானாள், பூண்டு விளையும் மலையடிவாரமும் அவளுக்கே. கரியநாகனுக்கு உடைந்த மந்திரம் திரும்பி வந்து உடம்பெல்லாம் அரிப்பு, இன்னும் சொறிகிறானாம். கதை அவ்வளவுதான், எழுந்து போங்கள். யாரது அங்கே, முழங்கால் பொருக்கைக் கிள்ளுவது? கையை எடு!