இரண்டாவது மேடு

ஆசிரியை எஸ்தருக்கு முப்பத்தெட்டு வயது. மாணவர் கோமதிநாயகத்துக்கு ஐம்பத்தொன்று. பள்ளி வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வால்மீன் பனியை ஆராய வந்தவர். வயதை அவர்கள் இருவரும் பார்க்கவில்லை, துறைத்தலைவர்தான் பார்த்தார்.

அந்த ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. காற்றில்லாத கலத்துக்குள் நீராவியையும் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்து உறைய வைப்பார்கள். பிறகு நிமிடத்துக்கு ஒரு டிகிரி சூடேற்றுவார்கள். மைனஸ் இருநூற்று நாற்பதை ஒட்டி வாயு வெளியேறும், திரையில் ஓடும் கோட்டில் ஒரு மேடு எழுந்து இறங்கும். உடனே ஹீட்டரை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஒருநாள் கோமதிநாயகம் அணைக்க மறந்தார். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, மைனஸ் நூற்று முப்பதருகே இன்னொரு மேடு நின்றது.

"கவனக்குறைவு. எங்கேயோ கசியுது," என்றார் துறைத்தலைவர். "அதை எடுத்துட்டா ஆய்வேட்டுல கையெழுத்துப் போடுறேன். நாளையோட கெடு முடியுது."

கோமதிநாயகம் ஒயிட்னர் புட்டியோடு எஸ்தரிடம் வந்தார்.

"மேடம், அழிச்சிடவா? கையெழுத்து வரலேன்னா ஆறு வருஷமும் போச்சு."

எஸ்தர் முதலில் வாயு கலக்காத வெறும் பனியைச் சூடேற்றினார். கோடு கடைசிவரை அசையவில்லை; கசிவு எதுவும் இல்லை. அடுத்து, அதே கலத்தில் வாயு கலந்த பனி. முதல் மேடு எழுந்து இறங்கியது.

துறைத்தலைவர் எட்டிப் பார்த்தார். "அதான் முடிஞ்சிருச்சே, அணைங்க."

எஸ்தர் ஸ்விட்சைக் கையால் மூடிக்கொண்டார். "டீ ஆறிடும். நீங்க போங்க சார்."

அவர் போகவில்லை. கோபத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் கோடு தரையோடு தரையாக ஓடியது. பிறகு விருட்டென்று எழுந்தது.

"இவ்வளவு நேரமும் வாயு பனிக்குள்ளதான் இருந்துதா மேடம்?"

"பனி இறுக்கிப் பிடிச்சு வச்சிருந்துது. சூட்டுல அதோட மூலக்கூறு அடுக்கு மாறினாத்தான் விடும்."

"முப்பது வருஷமா இங்க யாரும் பார்க்காத மேடு," என்றார் துறைத்தலைவர். "எடுத்துடுங்க."

கோமதிநாயகம் ஒயிட்னர் புட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

துறைத்தலைவர் எஸ்தரைப் பார்த்தார். "என்னம்மா இது?"

"முதல்ல பனியில அழிச்சுக் காட்டுங்க சார்," என்றார் எஸ்தர். "தாள்ல நாங்க அழிச்சுக்கிறோம்."