மிதக்கும் பை

"தொட்டி செத்துப்போச்சு, டீச்சர்."

"மீனெல்லாமா?"

"மீனெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தொட்டிதான் செத்துப்போச்சு."

டீச்சர் கையிலிருந்த வலையைக் கீழே வைக்கவில்லை. ஏஞ்சல் மீன் ஒன்றை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். மீன் காற்றில் இருந்த அந்த ஒரு நொடி இருவருமே மூச்சு விடவில்லை.

கொளத்தூர் ஏரிக்கு அந்தப் பக்கம், பெரிய தகரக் கொட்டகை ஒன்றில் பிலோமினா வண்ணமீன் வளர்த்தார். எண்ணூறு தொட்டி. மழைக்காலத்தில் கொட்டகை ஒழுகும். ஒழுகி வாசலில் ஓடும் தண்ணீரில் வெள்ளை வேட்டியை நனைத்தால் வண்ணக் கரை தானாக விழும் என்பார்கள். என்னிடம் அப்படி ஒரு வேட்டி இருக்கிறது.

பிலோமினாவுக்கு முப்பத்தைந்து வயதுதான். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. ஒருமுறை, இரை எடுக்க மறுத்த ஃபைட்டர் மீன் ஒன்றைப் பாட்டிலோடு முன்னால் வைத்துப் பத்து நிமிஷம் திட்டினார். அது தலையைக் குனிந்துகொண்டு, ஒரு புழு மிச்சம் வைக்காமல் தின்றது. அன்றிலிருந்து டீச்சர்.

புகார் சொன்னவர் வேதமூர்த்தி. அறுபத்தொன்று. ரயில்வேயில் கால அட்டவணை போடும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு முன்னறையில் இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாலடித் தொட்டி இருக்கிறது.

"தொட்டிக்கு என்ன சார் பண்ணுது?" என்றார் டீச்சர்.

"ஒண்ணும் பண்ணல. அதான். காலைல விளக்கு தானா எரியுது, ராத்திரி தானா அணையுது. எட்டேகாலுக்கு டப்பா தானா சுத்தி இரை கொட்டுது. எல்லாம் நான் பண்ணின ஏற்பாடுதான். மூணு வருஷத்துல ஒரு நிமிஷம் முன்ன பின்ன ஆனதில்ல. ஆனா உக்காந்து பாத்தா, செவுத்துல மாட்டின காலண்டரைப் பாக்கிற மாதிரி இருக்கு."

"முன்னாடி எப்படி?"

"முன்னாடியா? ஆபீஸ்லேருந்து வந்தா செருப்பைக் கழட்ட மாட்டேன். நேரா தொட்டிதான். குமுதா காபியை வெச்சிட்டுப் போவா. ஆறும். சூடு பண்ணிக் கொண்டாருவா. அதுவும் ஆறும்."

"இப்போ?"

"இப்போ காபி சூடாத்தான் குடிக்கிறேன்."

டீச்சர் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்குப் பல் டாக்டர் ஆளோட வர்றார்," என்றார் வேதமூர்த்தி. "கிளினிக்ல வெயிட் பண்றவங்களுக்குப் பயம் தெரியாம இருக்க ஒரு தொட்டி வேணுமாம். மீனோட, கல்லோட, எல்லாத்தையும் எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன். நீங்க வந்து மீனைப் பிடிச்சுக் குடுக்கணும். முக்கியமா ஜமீன்தாரை."

ஜமீன்தார் என்பது ஒரு க்ளௌன் லோச். ஆரஞ்சு உடம்பு, மூன்று கறுப்புப் பட்டை, சிவந்த வால். தொட்டி வைத்த முதல் வாரம் சுண்டுவிரல் நீளத்தில் வந்தவன், இப்போது ஒரு சாண். கண்ணுக்குக் கீழே முள் உண்டு. தெரியாதவர்கள் வலை போட்டால் சிக்கிக்கொள்வான். தூங்கும்போது செத்தவன்போல ஒருக்களித்துக் கிடப்பான். முதல் தடவை அதைப் பார்த்து வேதமூர்த்தி குளித்துவிட்டு வந்தார். வந்து பார்த்தால் துரை உலாவிக்கொண்டிருக்கிறார்.

"வரேன்," என்றார் டீச்சர். "கூப்பிடுங்க, வரேன்."

பிறகு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். மூலையிலிருந்த தொட்டி ஒன்றில் அமிழ்த்தித் தூக்கினார். காற்றடைத்தார். கழுத்தைத் திருகி ரப்பர் பேண்டு போட்டு அவர் கையில் கொடுத்தார்.

வேதமூர்த்தி பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"இதுல இருக்கிறதத் தொட்டியில விடுங்க."

"தொட்டியே போகுது. புது மீன் எதுக்கு டீச்சர்?"

"புதுசு இல்ல. பழசுதான்."

"கண்ணுக்கே தெரியலையே. கண்ணாடி மீனா?"

"கொஞ்சம் கூச்சம். அப்படியே கொட்டிடாதீங்க."

"எனக்குத் தெரியாதா? அரை மணி நேரம் பையை மிதக்க விடணும். சூடு சமமானதும்..."

"அது மத்த மீனுக்கு. இதுக்கு நாளைக் காலை வரைக்கும் ஆகும். மணிக்கு ஒரு டம்ளர் பைத்தண்ணிய எடுத்துடுங்க. ஒரு டம்ளர் தொட்டித்தண்ணிய உள்ள விடுங்க. விளக்கு வேணாம். இரை போடுற டப்பாவையும் எடுத்துடுங்க, அந்தச் சத்தம் ஆகாது. கையால போடுங்க. டம்ளர் மாத்துற நேரத்துல மோட்டாரையும் நிறுத்துங்க."

"அவ்வளவு கூச்சமா?"

ஆனால் டீச்சர் அதற்குள் அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார்.

பை மிதந்தது.

நடுப்பகல். விளக்கில்லாத தொட்டி பச்சையாக, ஆழமாக இருந்தது. ஜன்னல் வழியாக வந்த வெயில் தண்ணீரில் இறங்கி, மரக்கட்டையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, எழுந்து போனது. வேதமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கூச்ச சுபாவமுள்ள மீனைப் பார்க்க வேண்டுமானால் அசையக் கூடாது. அசையவில்லை.

மனைவி குமுதவல்லி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, யாரைத் தேடுறீங்க?"

"ஷ்ஷ். உள்ள ஒண்ணு இருக்கு."

"எங்க?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

முதல் டம்ளர். இரண்டாவது டம்ளர். எடுத்த தண்ணீர் துளசித் தொட்டிக்குப் போனது. மூன்றாவது டம்ளருக்கு முன்னால் அவர் கண் செருகியது.

கனவில் அவர் பைக்குள் இருந்தார்.

வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சு முட்டவில்லை. வெளியே, வானம் அளவுக்கு ஒரு முகம் தெரிந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட முகம். அது அவரைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று நினைத்தார்.

கீழேயிருந்து மெதுவாக ஜமீன்தார் ஏறி வந்தான். மீசையால் பையைத் தடவினான்.

"ஊருக்குப் புதுசா?" என்றான்.

"இல்ல. பழசுதான்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்திரண்டு."

ஜமீன்தார் பையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அவசரமே இல்லாத சுற்று.

"இங்க நாங்களும் இருபத்திரண்டு வருஷமா இருக்கோம். ஒரு மூணு வருஷமா நீங்க கண்ணுல படலையே. வெளியூரா?"

வேதமூர்த்தி வாயைத் திறந்து திறந்து மூடினார்.

விழித்தபோது சாயங்காலம். வாய் திறந்தபடியே இருந்தது. எதிரே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஜமீன்தாரும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

டம்ளர் தவறிவிட்டது! வேதமூர்த்தி பதறி எழுந்தார். மோட்டாரை நிறுத்தினார். தண்ணீரை மாற்றினார். மூன்று வருஷத்தில் முதல்முறையாக இரையை விரலில் எடுத்து, தூவினார்.

வீடு அமைதியாக இருந்தது.

டக்.

அவர் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

டக். டக்.

"குமுதா, ஏதாவது உடைக்கிறியா?"

"நான் இங்க பூ கட்டிட்டிருக்கேன்."

டக்.

இரை திருப்தியாக இருந்தால் க்ளௌன் லோச் தொண்டையில் சொடக்குப் போடும். புத்தகத்திலும் போட்டிருக்கிறது. முன்பெல்லாம் ஜமீன்தாரின் சொடக்குக்கு எதிர்வீட்டு நாய் எழுந்து நிற்கும். டப்பா வந்தபின் இரை நேரத்தில் மோட்டாரை நிறுத்த ஆளில்லை; அந்த இரைச்சலில் கேட்காமல்போன சொடக்கு நின்றேபோய்விட்டது என்று வேதமூர்த்தி நினைத்திருந்தார். வயதாகிவிட்டது, பாவம், என்றுகூடச் சொல்லியிருக்கிறார்.

அவர் தரையில் உட்கார்ந்தார். காதைக் கண்ணாடியில் வைத்தார்.

குமுதவல்லி காபி கொண்டுவந்து வைத்தாள்.

அது ஆறியது.

மறுநாள் சரியாகப் பத்து மணிக்குப் பல் டாக்டர் வந்தார். பின்னால் இரண்டு ஆட்கள், நாலு வாளி, ஒரு கயிறு.

கதவு திறந்தேதான் இருந்தது. முன்னறை மங்கலாக இருந்தது. வேதமூர்த்தி கையில் டம்ளரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"குட் மார்னிங் சார். ஆரம்பிக்கலாமா?"

"மெதுவா பேசுங்க டாக்டர். பழகிட்டிருக்கு."

"எது?"

வேதமூர்த்தி பையைக் காட்டினார். டாக்டர் குனிந்தார். பிறகு முட்டி போட்டார். வாளிக்காரர்களும் வாளியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுக் குந்தினார்கள். கொஞ்ச நேரம் நாலு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள். பாசி அசைந்தது. நத்தை ஒன்று கண்ணாடியில் ஏறி, பாதி வழியில் யோசித்தது. வெயில் மரக்கட்டைக்கு வந்தது.

"அதோ, அந்த மூலையில," என்றான் ஒரு வாளிக்காரன்.

"ஆமா, ஆமா," என்றார் டாக்டர். "வால் நீலமா?"

"அது உங்க சட்டை, டாக்டர்."

குமுதவல்லி சமையலறை வாசலில் நின்று எண்ணிப் பார்த்தாள். நேற்றிலிருந்து மணிக்கு ஒரு டம்ளர்.

"என்னங்க, இப்போ அந்தப் பைக்குள்ள இருக்கிறது முழுக்க நம்ம தண்ணிதானே?"

வேதமூர்த்தி பையைத் தொட்டுப் பார்த்தார். தொட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ரப்பர் பேண்டைக் கழற்றி, பையை மெல்லச் சாய்த்தார்.

தண்ணீர் தண்ணீருக்குள் போனது. அதிலிருந்து எதுவும் நீந்தி வரவில்லை.

ஜமீன்தார் ஏறி வந்தான். அந்த இடத்தில் கொஞ்சம் நின்றான். நகர்ந்து வழிவிட்டான்.

டக்.

டாக்டர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "சரி சார். இப்போ எடுத்துடலாமா?"

வேதமூர்த்தி காலிப் பையை மடித்தார். இன்னொரு முறை மடித்தார். வாளிகளைப் பார்த்தார். டீச்சரைக் கூப்பிட வேண்டும். போன் சட்டைப் பையில்தான் இருந்தது.

அன்று மத்தியானம் கொட்டகையில் டீச்சர் தனியாக இருந்தார். வேதமூர்த்தி வேர்க்க விறுவிறுக்க வந்தார். காலிப் பையை மேஜையில் வைத்தார்.

"டீச்சர், இதுல ஒண்ணுமே இல்ல."

"தொட்டியில விட்டீங்களா?"

"விட்டேன்."

"பத்து மணியாயிடுச்சே, மீன் பிடிக்கக் கூப்பிடுவீங்கன்னு பாத்தேன்."

"டாக்டரைத் திருப்பி அனுப்பிட்டேன். அவரும் கோவிச்சுக்கல. அடுத்த ஞாயித்துக்கிழமை சும்மா உக்காந்துட்டுப் போறேன், வரலாமான்னு கேட்டார்."

"குடுக்கிறேன்னு சொல்லிட்டு ஏன் சார் குடுக்கல?"

"அது எப்படி டீச்சர்?" வேதமூர்த்திக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "நீங்களே இப்படிக் கேட்டா? காலைலதான் விட்டிருக்கேன். புதுசா மீன் விட்டு நாலு நாள் ஆகறதுக்குள்ள யாராவது தொட்டியை அசைப்பாங்களா?"

சொல்லிவிட்டு அவர் நின்றார்.

எண்ணூறு தொட்டியிலும் குமிழி ஏறிக்கொண்டிருந்தது.

டீச்சர் வலையைத் தண்ணீரில் அலசி உதறினார். மீன் வாங்கிப் போனவர்களிடம் வழக்கமாகக் கேட்பதை, வழக்கமான குரலிலேயே கேட்டார்.

"இரை எடுக்குதா?"

"நல்லா எடுக்குது, டீச்சர்," என்றார் வேதமூர்த்தி.