ஊற்றுக்கரையில் மூன்று கட்டு

விரல்களை மடக்கிக்கொண்டே கேளுங்கள். இந்தக் கதையில் மூன்று கட்டுகள் வரும். ஒன்றையும் அறுக்காமல் ஒருத்தி வெளியே வரவேண்டும்.

உப்பளங்களுக்குத் தெற்கே ஊற்றுத்துறை என்று ஒரு மீனவர் ஊர். அங்கே அலையிலிருந்து நூறு தப்படி தள்ளி மணலை முழங்கால் ஆழம் தோண்டினால் தண்ணீர் கசியும். வாயில் வைத்தால் இளநீர்தான். இன்னும் ஒரு முழம் தோண்டினால் கரித்துவிடும். பாலின் மேல் ஆடை படிந்ததுபோல, உப்புத் தண்ணீரின் மேல் மழைத் தண்ணீர் மெல்லிசாகப் படுத்திருக்கிறதாம். பிரகாசி உள்நாட்டிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு மூன்று வருஷம் ஆகிறது. இன்றைக்கும் குழிக்குள் முதல் சொட்டு திரளும்போது அவள் கை தன்னால் சிலுவை போடும். இத்தனை பெரிய கடல் பக்கத்திலேயே இரைந்துகொண்டிருக்க, அதற்குத் தெரியாமல் இந்தச் சிரட்டை இனிப்பை ஒளித்துவைத்தது யார்?

ஊற்றுக்கு இரண்டு கட்டு உண்டு. வந்தவர் யாரானாலும் இல்லையென்று அனுப்பக் கூடாது. அனுப்பிய அன்று ஊற்று உப்பாகும். இது முதல் கட்டு. அவரவர் தண்ணீரை அவரவர் கையால்தான் மோக்க வேண்டும். பிறத்தியார் மோந்து ஊற்றியதைக் குடத்தில் வாங்கியவளுக்கு 'ஏந்தினவள்' என்று பெயர் விழுந்துவிடும், சாகும்வரை போகாது. இது இரண்டாவது. அந்தக் கரையோரம் முழுக்க அப்படி ஒரு ரோஷம். விருந்து என்றாலோ மரியாதைக்குக் குறைவில்லை. அந்தோணியார் கோவில் அசனத்தில், ஊரே கூடி உண்ணும் அந்தப் பந்தியில், விசைப்படகு முதலாளியே செம்பும் சோப்புமாக வாசலில் நின்று, வருகிறவர் கைக்கெல்லாம் தண்ணீர் வார்ப்பார்.

மூன்றாவது கட்டைப் பிரகாசி தானே போட்டுக்கொண்டாள். போன ஐப்பசியில் வாந்தியும் பேதியுமாக ஊரில் இரண்டு பிள்ளைகள் போயின. அவளுடைய பத்து மாதப் பிள்ளை மயிரிழையில் பிழைத்தது. நர்சம்மா வந்து தண்ணீரைச் சோதித்தார். விடியலில் எடுத்தது சுத்தம்; மதியம் எடுத்தது கெட்டது.

"தண்ணி மேல குத்தமில்லம்மா, கை மேலதான்" என்றார். "அலையோரம் போய் உக்காந்துட்டு, அந்த அலையிலயே கழுவிட்டு, நேரா வந்து மோக்குறீங்க. சிரட்டையோட கையும் முங்குது. ஊரே உக்காருற இடத்து அலைத் தண்ணி, கை கழுவவும் ஆகாது."

"கட்டிக் குடுத்த கக்கூஸுல வலையும் கயிறும்லா படுத்துத் தூங்குது" என்றாள் பிரகாசியின் நாத்தனார் தெக்கிலா. எல்லோரும் சிரித்தார்கள். பிரகாசிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்: என் முறைநாளில் அழுக்குக் கை ஒன்றும் இந்தக் குழிக்குள் இறங்காது.

பங்குனியில் அவள் முறை வந்தது. ஊற்றில் மணல் அள்ளிவிட்டுக் காவல் இருக்கும் நாள் அது. வெயிலில் ஊற்று மெலிந்துபோயிருந்தது. விடிந்ததிலிருந்து சிரட்டை சிரட்டையாக மோந்து மதியத்துக்குள் ஒரே ஒரு குடம் நிரப்பியிருந்தாள். பனைநிழலில் தூளியில் பிள்ளை தூங்கியது. தூளியடியில் குடமும், நர்சம்மா கொடுத்த சோப்பும்.

அப்போது உப்பளக் குடியிருப்பிலிருந்து ஒருத்தி ஓட்டமும் நடையுமாக வந்தாள். பேச்சித்தாய் என்று பெயர். ஒரு இடுப்பில் குடம், மறு இடுப்பில் தலை தொங்கிய குழந்தை. குழந்தைக்குப் போன பேதி அவள் முழங்கை வரை.

"யக்கா, ரெண்டு நாளா நிக்காமப் போகுது. நர்சம்மா பொடி குடுத்தாக. கரைக்க நல்ல தண்ணியில்ல, எங்க பக்கம் பூராம் கரிக்கு."

"ஏட்டி, அவ கையப் பாரு!" ஊற்றுக்கு வந்திருந்த தெக்கிலா கத்தினாள். "முங்கவிட்டேன்னு வையி, நாளைக்கு ஊரே வயித்தப் பிடிச்சுக்கிட்டு உருளும். போகச் சொல்லு!"

"உக்காருங்கக்கா, நான் மோந்து தாரேன்" என்று பிரகாசி சிரட்டையை எடுத்தாள்.

பேச்சித்தாயின் முகம் சிவந்தது. "ஏந்த வரலக்கா நானு. உப்பு அள்ளுதவன்னா அம்புட்டு எளப்பமா? எம் பிள்ளைக்கு எங் கையால மோந்துக்கிடுதேன்." குனிந்துவிட்டாள். குழிக்கும் கைக்கும் நடுவே ஒரு சாண்.

"நில்லுங்க!"

பிரகாசி திரும்பித் தூளியைப் பார்த்தாள். போகச் சொன்னால் முதல் கட்டு அறும். அந்தக் குழந்தையும் தாங்காது. மோந்து கொடுத்தால் வாங்கமாட்டாள். மோக்க விட்டால் தன் பிள்ளையின் தலைமேல் செய்த சத்தியம் அறும்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: வந்தவளை அனுப்பாமல், அவளை ஏந்தவைக்காமல், குழியையும் கெடுக்காமல் பிரகாசி என்ன செய்தாள்?

விடை: தன் குடத்தைத் தூக்கினாள். "எங்க ஊருக்கு வந்திருக்கீங்க. கைக்குத் தண்ணி வார்க்காம விருந்தாளிய விட்டா அந்தோணியாரு கோவிச்சுக்கிடுவாருக்கா" என்று குழியைவிட்டுத் தள்ளிப் பள்ளத்துப் பக்கம் கூட்டிப்போய், சோப்பைக் கொடுத்து, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வார்த்தாள். குடத்தில் வாங்கினால்தானே ஏந்தல்? கையில் வார்த்தால் அது மரியாதை. பேச்சித்தாய் நுரை பொங்கக் கையைத் தேய்த்தாள். "அரை நாள் தண்ணி போச்சே!" என்று தெக்கிலா தலையில் அடித்துக்கொண்டாள். குழந்தையையும் பிரகாசியே அலம்பினாள். குடத்தில் கொஞ்சம்தான் மிச்சம். பேச்சித்தாய் அதை எடுத்து, "உங்க கையும் அழுக்காச்சு, நீட்டுங்க" என்று வார்த்துவிட்டாள். தெக்கிலா முணுமுணுத்துக்கொண்டே வந்து தன் கையையும் நீட்டினாள். பிறகு பேச்சித்தாய் தன் கையாலேயே மோந்தாள், பொடி கரைந்தது, குழந்தை ஒரு மிடறு விழுங்கி, இன்னொன்றுக்கு வாயைத் திறந்தது. காலிக் குடத்தோடு பிரகாசி குழியடியில் குந்தினாள். கடல் இரைந்துகொண்டிருந்தது. மணலுக்கடியிலிருந்து அடுத்த சொட்டு தித்திப்பாகத் திரண்டு வந்துகொண்டிருந்தது.