ஒழுகாத கூரை

பெரியாஸ்பத்திரியின் நூறு வயது நர்சிங் பள்ளி பூட்டியே கிடந்தது. நோயாளிகளின் சொந்தக்காரர்களோ வெளியே மழையில் கிடந்தார்கள். மகள் பிரசவத்துக்கு வந்த ஒருத்தி அந்தக் குளிரிலேயே கண்ணை மூடினாள். "அதைத் திறந்து விடுங்க" என்று கேட்டுக் கேட்டுத் துப்புரவுப் பணியாளர் ஞானசௌந்தரிக்கு நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

இன்ஜினியர் தில்லைநாயகம் அதை இடிக்க அனுமதி கேட்டுக் கலெக்டரம்மாவையே அழைத்து வந்துவிட்டார்.

"ஒரே ஒழுகல், மேடம். நாய்கூட ஒதுங்காது."

ஞானசௌந்தரி ஜன்னல் கதவைத் தள்ளினாள். உள்ளே பலகை போட்டு, பத்திரமாக, இன்ஜினியரின் புதுக் கட்டடத்துக்கான சிமெண்ட் மூட்டைகள்!

"ஒழுகுற இடத்துலயா ஐயா சிமெண்ட் அடுக்குவாங்க?"

தில்லைநாயகம் கைக்குட்டையைத் தேடினார்.

"மூட்டையை வெளியே எடுங்க. ஜனங்க படுக்கட்டும்" என்றார் கலெக்டரம்மா.

"மழை தூறுதே மேடம், நனைஞ்சிடும்!"

"நேத்து வரைக்கும் மனுஷங்க நனைஞ்சாங்க, ஐயா" என்றாள் ஞானசௌந்தரி.