கஸ்பார் துடைத்த கட்டைகள்

கடற்கரைத் தெருவில் பியானோ சொல்லிக்கொடுத்துவந்த ஜெசிந்தாவுக்கு ஒரு சீடர் இருந்தார். குருவைவிட முப்பது வயது மூத்த சீடர். பெயர் கஸ்பார். மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூறுகிறவர். அவர் குரல் எழும்பினால் ஐஸ் உடைக்கிறவன்கூடக் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பான்.

போன வருஷம் அந்தோணியார் திருவிழாவுக்குப் பியானோ வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. "இதுக்கா இம்புட்டுக் கவலை? அடுத்த வருஷம் நான் வாசிக்கேன்" என்று ஏலக்கூடத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார் கஸ்பார். சொன்ன அன்று அவர் பியானோவைத் தொட்டதுகூடக் கிடையாது.

இப்போது விடிந்தால் திருவிழா.

கஸ்பாரை வாசித்துப் பழகச் சொல்லிவிட்டு ஜெசிந்தா கடைக்குப் போய்த் திரும்பி வந்தாள். அவளுடைய பியானோவின் வெள்ளைக் கட்டைகளில் எல்லாம் ச, ரி, க, ம என்று கறுப்பாக எழுதியிருந்தது. கஸ்பார் மார்க்கரை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"பேரு எழுதிட்டேன் மிஸ். எங்க கூடத்துல பேரு எழுதாத பெட்டி கை மாறிரும்லா."

"இது மீன் பெட்டியா?"

"எழுதினப்புறம் ஒரு தப்பு விழல, பாத்துக்கிடுங்க. சாயந்தரமே கோயில் பியானோவுலயும் எழுதிட்டு வந்திருதேன்."

அவள் ஒரு கட்டையை விரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"அது போகாது மிஸ்" என்றார் பெருமையாக. "ஐஸு, உப்புத்தண்ணி, எதுக்கும் அசையாது."

"கோயில் பியானோவுல எழுதக் கூடாது அண்ணாச்சி."

அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அப்போ எப்படி வாசிப்பேன்? ஏலக்கூடமே நாளைக்கு அங்கதான் வந்து நிக்கும். தடுமாறினேன்னா, பெறகு எவன் என் வாய்க்கு மதிப்புக் குடுப்பான்? எங்க கூடத்துப் பெர்க்மான்ஸ் பய ஒருத்தன் போதும், சொல்லிச் சொல்லியே சிரிப்பான்."

ஜெசிந்தா உள்ளே போய் ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"துடைங்க."

"மருமவ நகப்பூச்சு அழிக்க ஒரு தண்ணி வெச்சிருக்கா. வாங்கிட்டு வரட்டா? சட்டுன்னு போயிரும்."

"கட்டையும் சேர்ந்து போயிரும். பஞ்சை நனைச்சு நல்லாப் பிழிஞ்சுக்கிடுங்க, சொட்டு உள்ள இறங்கிரக் கூடாது. நீளவாக்குல உங்க பக்கமா இழுத்துத் துடைங்க."

அவள் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கத் தொடங்கினாள்.

துடைக்கத் துடைக்கக் கட்டை ஒலித்தது. கஸ்பார் வாய்க்குள் முனகிக்கொண்டே துடைத்தார். ஒன்று வெளுத்ததும் வேறொன்றுக்குப் போனார். பஞ்சு கறுத்தது, புதுப் பஞ்சு எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் கத்தியின் சத்தம் நின்றது. ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள்.

அவர் வரிசையாகத் துடைக்கவில்லை. நடுவில் இருப்பதை விட்டுத் தாவினார். பிறகு பின்னால் வந்தார். ஏற்கெனவே வெளுத்த கட்டைக்கே மறுபடியும் போனார்.

"துடைச்சதையே ஏன் துடைக்கீங்க அண்ணாச்சி?"

"பாட்டுல இங்க அதுதான மிஸ் வருது" என்றார், தலையைத் தூக்காமல்.

சொல்லிவிட்ட பிறகுதான் கை நின்றது. குனிந்து பார்த்தார். விரலுக்கு அடியில் எழுத்தே இல்லை. பக்கத்துக் கட்டையிலும் இல்லை.

பஞ்சைக் கீழே வைத்தார். நாளைக்கு வாசிக்கவேண்டிய வருகைப் பாடலை முதலிலிருந்து வாசித்தார், ஒவ்வொரு கட்டையாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. முடித்தார். உடனே இன்னொரு தடவை வாசித்தார். இந்தத் தடவை, ஏலம் கூற நிற்கும்போது இருக்குமே, அப்படி நிமிர்ந்திருந்தது முதுகு.

ஜெசிந்தா எழுந்துபோய்த் தெருப்பக்கத்துச் சன்னல்களை அகலத் திறந்தாள்.

"தெருவுக்கே கேக்குமே மிஸ்."

"கேக்கட்டும். நான் சொல்லிக்குடுத்த ஆளுல்லா வாசிக்காரு."

தெருவில் ஒருவன் சைக்கிளை நிறுத்தினான். "மிஸ்! பாட்டு நல்லா இருக்கு!"

"மிஸ் இல்லலே, நான்!" ஏலக்கூடத்துக் குரல் தெருமுனைவரை போனது.

சைக்கிள்காரன் சிரித்துக்கொண்டே போனான். கஸ்பார் பியானோவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். நடுவில் பளிச்சென்று இருந்தது. இரண்டு ஓரங்களிலும் எழுத்துகள் அப்படியே இருந்தன. அவர் மறுபடி பஞ்சை எடுத்தார்.

"மிச்சத்தையும் துடைச்சிரட்டா மிஸ்?"

ஜெசிந்தா ஸ்பிரிட் பாட்டிலை இறுக்கி மூடினாள்.

"அதெல்லாம் இந்தப் பாட்டுல வராது அண்ணாச்சி. கிறிஸ்துமஸ் பாட்டு படிக்கையில துடைச்சுக்கிடலாம்."