திருடன் ஓலை

காரைவயல் ஜமீன்தார் விருதகிரி, முகத்தைப் பார்த்தே பொய்யைப் பிடித்துவிடுவேன் என்று மார்தட்டுகிறவர். ராஜா, மந்திரி, சேவகன், திருடன் என்று எழுதிய ஓலைகளைக் குலுக்கிப் போட்டு விளையாடினால், திருடனைக் கண்டுபிடிக்கும் வேலையை வேறு யாருக்கும் தரமாட்டார்.

குதிரை லாயத்துக்குத் தண்ணீர் சுமக்கும் மருதாயி, விருந்தாளிகள் நிறைந்த சபையில் வந்து நின்றாள். அரண்மனைக் குளத்தைத் தன் தெருவுக்கும் திறந்துவிடச் சொல்லிக் கேட்டாள்.

ஜமீன்தாருக்குச் சிரிப்பு வந்தது. "ஓலை எடு. திருடன் யாரென்பதில் நான் ஏமாந்தால் குளம் உங்களுக்கு. கண்டுபிடித்துவிட்டால் நீ ஊரைவிட்டே போகணும்."

மருதாயியோடு காரியஸ்தரும் இரண்டு விருந்தாளிகளும் ஓலை எடுத்தார்கள். மருதாயிக்கு வந்தது திருடன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் திருடன், எசமான்."

"எந்தத் திருடன் தானாக ஒத்துக்கொள்வான்? வியர்த்து நிற்கிறாரே காரியஸ்தர், அவர்தான்!"

காரியஸ்தர் தன் ஓலையைக் காட்டினார். மந்திரி! மருதாயி தன் ஓலையை நீட்டினாள். சபை கொல்லென்று சிரித்தது.

ஜமீன்தார் நழுவப் பார்த்தார். "நீ உண்மையைத்தானே சொன்னாய்? நான் எங்கே ஏமாந்தேன்? பந்தயம் செல்லாது."

"ஏமாறலைன்னா, குத்தமில்லாதவர்னு தெரிஞ்சேதான் காரியஸ்தரைத் திருடன்னு சொன்னீங்களா, எசமான்?"

சிரிப்பு சட்டென்று அடங்கியது. எல்லோரும் ஜமீன்தாரையே பார்த்தார்கள்.

"ஏமாந்தேன்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அன்று சாயங்காலம் மருதாயியின் தெருப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு அரண்மனை வாசல் வழியாகவே போனார்கள். காவல்காரன் ஒதுங்கி வழிவிட்டான். முதல் குடத்தை மருதாயி மொண்டாள்.